கழிவு நீர்ப் பாசி கழனிக்கு உரமாகுமா?



போன பங்குனி மாசம் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி ஒரு மைல் தூரம் உள்ளே போகணும். ஒரு பக்கம் சொர்ணவாரிப் பட்டத்துக்குச் சேடை ஓட்டிக்கிட்டிருந்தாங்க. இன்னொரு பக்கம் கம்பெனி மதில் சுவர். நடுவிலே ஏரிக்குப் போற வாய்க்கால். அந்த வாய்க்காலும் ஏரியின் ஒரு மூலையும் பச்சைப் பெயின்ட் ஊத்தி வெச்ச மாதிரி இருந்தது.

கரை மேலே நின்னுக்கிட்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "சார், யூரியா மூட்டைக்குக் கடை கடையா அலையறோம். இந்தப் பாசியைப் பாத்தா நல்ல எரு மாதிரி இருக்குது. அள்ளியாந்து கழனியிலே போட்டா என்னா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. "பெரியவரே, இந்தப் பாசி எந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்ததுன்னு முதல்லே சொல்லுங்க" என்றேன். "மேலாண்டை ஹாஸ்டலுங்க தண்ணி வருது. கீழாண்டை ஒரு பைப்பு வருது, அது எங்கேயிருந்து வருதோ யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கு உங்களுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கழனி வைத்திருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பச்சை எங்கிருந்து வந்தது?

பாசி சும்மா வருவதில்லை. பயிருக்கு என்ன வேண்டுமோ அதேதான் பாசிக்கும் வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, வெயில். இவை நாலும் ஒரே இடத்தில் கிடைத்தால் பாசி ராத்திரியோடு ராத்திரியாகப் பெருகிவிடும். ஏரி பச்சையாகிறது என்றால் யாரோ அந்தத் தண்ணீருக்குள் உரம் போடுகிறார்கள் என்று அர்த்தம். அந்த உரம் நம் வயிற்றிலிருந்து போவதுதான். சாப்பிட்ட அரிசியிலும் பருப்பிலும் இருந்த தழைச்சத்தில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. நம் நாட்டுச் சாப்பாட்டுக் கணக்குப்படி ஓர் ஆளிடமிருந்து ஓர் ஆண்டில் வெளியேறும் தழைச்சத்து சுமார் 2.7 கிலோ. பாஸ்பரஸ் சுமார் 400 கிராம்.

"ஒரு ஆளுக்கு ரெண்டே முக்கால் கிலோவா, அது என்ன பிரமாதம்?" என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காக ஒரு பெரிய விடுதி திறந்தார்கள். 18,720 படுக்கைகள். அத்தனையும் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் 50 டன் தழைச்சத்து அங்கிருந்து தண்ணீரில் வெளியேறும். இதை யூரியாவாக மாற்றிச் சொன்னால் 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 2,400 மூட்டை. மணிச்சத்தைக் கணக்குப் பார்த்தால் 700 மூட்டைக்கு மேற்பட்ட டி.ஏ.பி.யில் இருக்கும் அளவு. இந்த வட்டாரத்தில் சின்னதும் பெரியதுமாக இன்னும் எத்தனையோ விடுதிகள், கேன்டீன்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளியே வந்த காலத்தில் இங்கே இவ்வளவு ஜனம் கிடையாது. இப்போது ஜனம் வந்திருக்கிறது, அரிசி வருகிறது, பருப்பு வருகிறது. தின்றதில் இருந்த சத்து மட்டும் எந்தக் கழனிக்கும் திரும்பிப் போகவில்லை.

இந்தச் சத்தை என்ன செய்கிறார்கள்? ஒழுங்காக நடக்கும் சுத்திகரிப்பு நிலையங்களில் மின்சாரம் செலவழித்துக் காற்றை ஊதுகிறார்கள். நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. தழைச்சத்தையும் எடுக்கும்படி அமைத்த நிலையம் என்றால், அதைக் கடைசியில் வாயுவாக மாற்றிக் காற்றோடு விட்டுவிடுகிறார்கள். உரத் தொழிற்சாலையில் என்ன நடக்கிறது? அதே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து, எரிவாயுவைச் செலவழித்து, யூரியா செய்கிறார்கள். ஒரு கையால் காற்றிலே விடுகிறோம், மறு கையால் காற்றிலிருந்து பிடிக்கிறோம். இரண்டுக்கும் காசு.

மணலியில் உள்ள மெட்ராஸ் உரத் தொழிற்சாலை 1990-களிலிருந்தே கொடுங்கையூர் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து வாங்கித் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது. தண்ணீரைத்தான் எடுத்தார்கள், அதில் இருந்த சத்தை அல்ல. உங்கள் இருங்காட்டுக்கோட்டைக் கதையும் அப்படித்தான். 2019-ல் கோயம்பேட்டில் ஒரு நிலையம் திறந்தார்கள். சென்னைச் சாக்கடை நீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டி, நாள் ஒன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வரைக்கும் குழாய் மூலம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அவ்வளவு தண்ணீரும் ஏரியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் எடுக்காமல் மிச்சமாகிறது. ஆனால் தொழிற்சாலைக்கு வேண்டியது சுத்தமான தண்ணீர் மட்டும். சத்து கழனிக்குத்தானே வேண்டும்? அதைப் பிடித்துத் தரக்கூடிய கூலியில்லா ஆள்தான் பாசி.

சம்பாதிக்கிற பாசி, சேர்த்து வைக்கிற பாசி

பாசியிலே பல ஜாதி உண்டு. நெல் வயலில் இடுகிற நீலப்பச்சைப் பாசி உங்களில் பலருக்குப் பழக்கம். அதில் பல வகைகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தைத் தானே பிடித்து மண்ணுக்குத் தரும். 1939-லேயே பி.கே. டே என்ற விஞ்ஞானி நம் நாட்டு நெல் வயல் மண்ணை ஆராய்ந்து இதை எழுதினார். ஏக்கருக்கு 4 கிலோ, நடவு செய்த பத்தாம் நாள், வயலில் தண்ணீர் நிற்கும்போது தூவச் சொல்கிறார்கள். அது சம்பாதித்து வருகிற பிள்ளை.

சாக்கடை நீரில் தானாக வளர்வது பெரும்பாலும் பச்சைப் பாசி. குளோரெல்லா, செனடெஸ்மஸ் என்று பெயர். இது புதிதாக ஒன்றும் சம்பாதிக்காது. தண்ணீரில் ஏற்கெனவே இருக்கிற சத்தை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். இது சேர்த்து வைக்கிற பிள்ளை. வீட்டிற்கு இரண்டும் வேண்டும். ஆனால் சேர்த்து வைக்கிற பிள்ளையிடம் ஒரு சங்கடம் உண்டு. நல்லதை மட்டும் சேர்க்காது, கெட்டதையும் சேர்த்துவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பச்சைப் பாசியை வைத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் முறையை அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆஸ்வால்டு என்பவர் 1950-களில் வகுத்தார். சூட்சுமம் சுலபம். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிருக்குப் பிராணவாயு வேண்டும். வெயில் பட்டால் பாசி அதைக் கொடுக்கும். நுண்ணுயிர் விடுகிற கரியமில வாயுவும், பிரித்துப் போடுகிற சத்தும் பாசிக்கு ஆகாரம். இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல். காற்று ஊதும் மெஷின் வேண்டாம், வெயில் போதும். நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

கல்கத்தாவுக்குக் கிழக்கே இதை எந்தப் படிப்பும் இல்லாமல் ஜனங்களே பல தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். நகரத்துச் சாக்கடையை ஆழமில்லாத குளங்களில் நிறுத்துவார்கள். வெயிலில் பாசி பிடிக்கும், பாசியைத் தின்று மீன் வளரும், குளத்திலிருந்து வடிகிற தண்ணீர் நெல் வயலுக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் போகும். அந்தச் சதுப்பு நிலம் முழுவதும் சுமார் 12,500 ஹெக்டேர். 2002-ல் அதற்கு ராம்சார் என்ற உலக அங்கீகாரமும் கிடைத்தது.

பாசியைக் காயவைத்து உரமாகப் போட்டால் பயிர் எடுத்துக்கொள்ளுமா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. அமெரிக்க விவசாயத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் மாட்டுச் சாணக் கழிவு நீரில் பாசி வளர்த்து, காயவைத்து, மக்காச்சோள நாற்றுக்கும் வெள்ளரி நாற்றுக்கும் போட்டுப் பார்த்து 2005-ல் எழுதினார்கள். அதே அளவு சத்துள்ள கடை உரம் போட்ட நாற்றுக்குச் சமமாக வளர்ந்தன. போட்ட அன்றைக்குப் பயிருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 3 பங்குதான். மூன்று வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. ஆகவே இது யூரியா மாதிரி இன்று போட்டால் நாளைக்குக் கறுக்கும் உரம் இல்லை. தொழுவுரம் மாதிரி அடியுரமாகத்தான் போடணும். ஆனால் தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு. காய்ந்த பாசியில் ஆறு, ஏழு பங்கு.

எந்தத் தண்ணீர்?

இப்போது அந்தப் பெரியவரின் கீழாண்டைக் குழாய்க்கு வருவோம். நம் பேச்சில் முக்கியமான இடம் இதுதான், ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்குங்க.

பாசிக்குக் குரோமியம், நிக்கல், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இழுத்துப் பிடிக்கும் குணம் உண்டு. தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதன் உடம்பில் சேர்ந்துவிடும். ஆலைக் கழிவு நீரைச் சுத்தம் செய்ய விஞ்ஞானிகள் பாசியை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ராணிப்பேட்டை. அங்கே சிப்காட்டில் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கும் ஸ்நாப் என்ற ஆலை இருக்கிறது. அதன் கழிவு நீர் கடும் அமிலம். சென்னை விவேகானந்தா கல்லூரியைச் சேர்ந்த சிவசுப்பிரமணியன் குழுவினர், குரோகாக்கஸ் என்ற ஒரு நீலப்பச்சைப் பாசியை அந்தத் தண்ணீரிலேயே பழக்கி வளர்த்து, அமிலத்தைக் குறைத்துக் காட்டினார்கள். 2009-ல் அந்த ஆராய்ச்சி வெளியானது. ஆலைக்குள் பாசி நல்ல வேலைக்காரன், சந்தேகமில்லை.

ஆனால் ஆலைத் தண்ணீரைச் சுத்தம் செய்த பாசியைக் கழனியில் போடுவது, வீட்டைப் பெருக்கின குப்பையைச் சோற்றுப் பானையில் கொட்டின கதை. அதே ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப் போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீர் அதனால் கெட்டது. மண்ணில் ஒரு தடவை உலோகம் சேர்ந்துவிட்டால் மழை கழுவாது, உழவு நீக்காது, உங்கள் பேரன் காலத்திலும் அது அங்கேயே கிடக்கும். கார் உதிரிபாகம் செய்கிற இடங்களில் முலாம் பூசுவது, பெயின்ட் அடிப்பது, உலோகம் கழுவுவது எல்லாம் நடக்கும். அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுக் கலந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே அந்தப் பாசியைத் தொடாதீர்கள். பச்சை நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பச்சைதான்.

ஆகவே உபயோகிக்கத் தகுந்தது வீடு, விடுதி, கேன்டீன் இவற்றின் தண்ணீர் மட்டுமே. அதிலும் ஆலை வளாகத்துக்குள் எல்லாக் குழாயும் ஒன்றாகச் சேருகிற இடம் உதவாது. பரிசோதனைக்கு மாதிரி கொடுக்கும்போது தழை, மணி, சாம்பல் மட்டும் பார்த்தால் போதாது. குரோமியம், நிக்கல், ஈயம், காட்மியம் என்று பெயர் சொல்லிக் கேட்கணும். உப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். துணி துவைக்கிற தண்ணீர் அதிகம் சேர்ந்தால் சோடா உப்பு ஏறி மண் இறுகிப் போகும்.

ஏரி, குட்டையில் ஆடை போலப் படிகிற பாசி பற்றியும் ஒரு வார்த்தை. அதில் சில ஜாதி விஷம் சுரக்கும். அதைக் குடித்து மாடுகள் செத்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. கறவை மாட்டை அந்தத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

செய்கிற விதம்

நல்ல தண்ணீர் என்று தெரிந்துவிட்டது. அப்புறம்? பாசி வளர்ப்பது சுலபம், அதைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதுதான் கஷ்டம். பாசி கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிசு. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் காயவைத்தால் அரை கிராம்கூட மிஞ்சாது. இதைப் பிரிக்க மெஷின் வைத்தால் பாசியின் விலையைவிட மின்சாரக் கட்டணம் அதிகமாகும். பல நாட்டில் பெரிய திட்டங்கள் இந்த இடத்தில்தான் படுத்துவிட்டன.

நமக்கு இருக்கிற வசதி என்னவென்றால், பிரிக்கவே வேண்டாம். பச்சைத் தண்ணீரை அப்படியே மடை திறந்து கழனிக்குப் பாய்ச்சலாம். தண்ணீரும் போகும், சத்தும் போகும்.

செப்டிக் டேங்கில் கசடு தங்கி, மேலே தெளிந்து வருகிற தண்ணீரைத்தான் பாசிக் குட்டைக்கு விடணும். குட்டை ஒரு அடி ஆழம் போதும். ஆழம் கூடினால் அடியிலே வெயில் போகாது. மரநிழல் கூடாது. அடியில் களிமண் மெத்தணும், அல்லது தார்ப்பாய் விரிக்கணும், இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர் கெடும். தினம் இரண்டு வேளை ஒரு பலகையால் கலக்கிவிடணும்.  நல்ல வெயிலில் தண்ணீர் ஒரு வாரம் நின்றால் கரும்பச்சையாகிவிடும். அதைப் பக்கத்தில் இன்னொரு ஆழமான குட்டைக்கு மாற்றினால் பாசியில் ஒரு பகுதி அடியில் தங்கும். மேலே நிற்கிற தண்ணீர் பாசனத்துக்கு, அடியில் தங்குவது காயவைக்க. நூல் நூலாக வளர்கிற பாசி கிடைத்தால் இன்னும் நல்லது. சரிவாக நைலான் வலை கட்டி அதன்மேல் தண்ணீரை ஓடவிட்டால் வலையில் பிடிக்கும், வாரத்துக்கு ஒரு தரம் சுரண்டி எடுக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்? நான் குறைத்தே சொல்கிறேன். ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்குக் காய்ந்த எடையில் 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்ட் குட்டையில் 400 கிராம். இரண்டு சென்ட் குட்டை ஓர் ஆண்டில் மழைக்காலம் போக 250 கிலோ தரலாம். அதில் 15 கிலோ தழைச்சத்து. பத்துப் பன்னிரண்டு பேர் உபயோகிக்கிற தண்ணீர் அதற்குப் போதும். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து வேண்டிய நெல்லுக்கு அது கால் பங்கு.

"இவ்வளவு பாடுபட்டுக் கடைசியில் ஒரு மூட்டை யூரியாகூட இல்லையே! மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கொடுக்கிறானே!" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நியாயம்தான். தனி ஆள் காசு மிச்சம் பிடிக்க இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மானிய விலை இருக்கிறவரை யூரியாவோடு பாசி போட்டி போட முடியாது. ஆனால் விடுதிக்காரர் எப்படியும் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் ஆகணும், அதற்குச் செலவு செய்கிறார். நூறு பேர் விடுதிக்குச் சத்தைப் பிடிக்க இருபது சென்ட் வரை குட்டை வேண்டியிருக்கும். இந்த வட்டாரத்தில் அவரிடம் அவ்வளவு இடம் கிடையாது, கிரவுண்டு விலை அப்படி. இடம் இருப்பது உங்களிடம். ஏரிக்கு விடுகிற தண்ணீரை ஒப்பந்தம் பேசி, பரிசோதனை செய்து, உங்கள் மேட்டு நிலத்தில் குட்டை கட்டி வாங்கிக்கொண்டால் அவருக்கும் செலவு குறையும், உங்களுக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர், ஏரியும் பச்சையாகாது. பஞ்சாயத்தையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் கேட்டு, எழுத்து மூலமாகவே செய்யுங்கள்.

போடுகிற முறையில் சில எச்சரிக்கை. கழிவு நீரில் குடல் புழுவின் முட்டைகள் இருக்கும். பாசிக் குட்டை வெயில் பல கிருமிகளைக் கொல்லும், புழு முட்டையை முழுக்கக் கொல்லாது. கீரை, கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கி போன்று பச்சையாகத் தின்பவற்றுக்கு இந்தத் தண்ணீரும் வேண்டாம், பாசியும் வேண்டாம். நெல், தீவனப் புல், தென்னை, சவுக்கு இவற்றுக்கு ஏற்றது. காய்ந்த பாசியைச் சாணம், வைக்கோலோடு கலந்து கம்போஸ்ட் குழியில் நன்றாகச் சூடேறும்படி மூடி வைத்து, மக்கின பிறகு கடைசி உழவில் போடுங்கள். வேலை செய்கிறவர் கையுறையும் ரப்பர் பூட்ஸும் போடட்டும், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சோற்றில் கை வைக்கட்டும்.

பச்சைத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் தழைச்சத்துக் கணக்கை மறக்கக் கூடாது. தண்டு உருள்கிற நேரத்துக்குப் பிறகும் அதையே பாய்ச்சிக்கொண்டிருந்தால் பயிர் கறுத்துக் கொழுத்து, புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வந்து, சம்பாவானால் மழையில் சாய்ந்தும் போகும். அப்போது கிணற்றுத் தண்ணீருக்கு மாறிக்கொள்ளுங்கள். முதல் வருஷம் பத்து சென்டில் மட்டும் செய்து பாருங்கள். பக்கத்தில் பத்து சென்ட் வழக்கம்போல. இரண்டையும் தனித்தனியாக அறுத்து மரக்காலில் அளந்து பாருங்கள்.

அந்தப் பெரியவர் கீழாண்டைக் குழாய்த் தண்ணீரில் ஒரு பாட்டிலும், மேலாண்டைத் தண்ணீரில் ஒரு பாட்டிலும் எடுத்து, மேலே பேனாவால் பெயர் எழுதி ஒட்டினார். பஞ்சாயத்துத் தலைவரையும் கூட அழைத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருக்கிறார். முடிவு வருகிறவரை ஏரிப் பாசியை யாரும் அள்ளக் கூடாது என்று கோவில் ஸ்பீக்கரில் சொல்லியிருக்கிறார்களாம்.